மறையூர்: எல்லைக்கல் இல்லாத முப்பத்தேழு படங்கள்

யானைக்கூட்டம் மிதித்துப்போட்ட ஒரு கரும்புத் தோட்டத்தை முப்பத்தேழு படம் எடுத்தேன். அந்தப் படங்களை நம்பித் தோட்டத்தைச் சுத்தம் செய்தவருக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது. மறையூருக்குக் கேமராவோடு போகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கொல்லங்கோட்டில் எனக்கு வெல்லக்கடை. சைக்கிளில் சாக்கு கட்டி ஆரம்பித்த வியாபாரம், இப்போது சொந்த லோடு வண்டி இருக்கிறது. போன வருஷம் கோயம்புத்தூரில் பழைய கேமரா ஒன்று பதினோராயிரத்துக்கு வாங்கினேன். அதோடு வந்த 18-55 லென்ஸைத் தனியாக வாங்கினால் மூவாயிரம்கூடப் போகாது. டீக்கடை, சந்தை, எடைக்கல், கடைக்கு வரும் முகங்கள் என்று தினமும் பார்ப்பதை எடுக்க அது தாராளம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: எதைப் பார்த்தாலும் 55 வரை இழுத்து, கிட்டத்தில் எடுத்து, பின்னாடி இருப்பதை மங்கலாக்கிவிடுவேன். அதற்குத்தான் நாம் படம் போடும் இந்தக் குழுவில் பாராட்டு வருகிறது.

ஜனவரி மாதம், இரண்டாம் சனிக்கிழமை. விடியுமுன் நாலரைக்குக் கிளம்பி கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னார் செக்போஸ்ட்டைத் தாண்டினேன். மீட்டரில் 108 கிலோமீட்டர், டீசல் ஆயிரத்து நூறு. எட்டேகாலுக்கு மறையூர் தாண்டி, செல்லையா அண்ணனின் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினேன். முக்கால் ஏக்கர் குத்தகை நிலம். அவரும் அவர் மனைவி பேச்சியம்மாவும்தான் பாடுபடுகிறார்கள். ஐந்து வருஷமாக எனக்கு வெல்லம் தருகிறவர்கள்.

தோட்டம் படுத்துக் கிடந்தது. முந்தின ராத்திரி யானைகள் இறங்கியிருந்தன. செல்லையா வரப்பில் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மா என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், எழவு வீட்டுக்குப் படம் புடிக்க வந்தமாதிரி வந்திருக்கீங்க" என்றார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மிதிபட்ட கரும்பை இரண்டு நாளுக்குள் ஆட்டிக் காய்ச்சிவிட வேண்டும். விட்டால் சாறு புளித்துவிடும். புளித்த சாற்றில் பாகு இறுகாது, உருண்டை பிடிக்க முடியாது. நஷ்டஈடு வேண்டுமென்றால் வனத்துறை ஆபீசர் வந்து பார்க்க வேண்டும். இரண்டாம் சனி கேரளாவில் ஆபீஸ் லீவு, மறுநாள் ஞாயிறு. திங்கள்தான் வருவார்கள். நஷ்டஈடு வந்தால்தான் விதைக் கரணை வாங்கி மறுபடி நட முடியும். நடாவிட்டால் குத்தகை கைமாறிவிடும்.

"ஆட்டிட்டா, பாக்க வர்றவருக்கு என்னத்தக் காட்டுறது பாய்?" என்றார் செல்லையா.

"அதான் படம் எடுக்கறனுங்களே. இதுல எல்லாம் தெளிவா விழுகும். நீங்க பாட்டுக்கு ஆட்டுங்க" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதில் என் காரியமும் இருந்தது. அவருக்குப் பதினைந்தாயிரம் முன்பணம் கொடுத்திருந்தேன். வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது பேச்சு. வண்டி காலியாகத் திரும்பக் கூடாது என்பதுதான் என் கவலை.

படம் எடுத்தேன். தண்ணீர் தேங்கிய காலடித் தடம். கணுவில் பிளந்த கரும்பு. பேச்சியம்மாவின் விரல்கள், வேரோடு வந்த ஒரு தூர். தோட்டத்துக்குள் வெயில் இன்னும் வராத நேரம். 55-இல் இந்த லென்ஸுக்கு வெளிச்சம் போதாது, பாதி படம் கை ஆட்டத்தில் கலங்கிப்போனது. கையில் போன் இருந்ததே என்பீர்கள். கேமரா இருக்கும்போது போனை எடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன். அவர்களிடம் இருந்தது பட்டன் போன். பக்கத்துத் தோட்டக்காரர்களோ அவரவர் கரும்பைப் பார்க்க ஓடியிருந்தார்கள்.

இரண்டு நாள் ஆலைக் கொட்டகையில் அடுப்பு அணையவில்லை. காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தினார்கள், பிடுங்கின தூரை அப்புறப்படுத்தினார்கள். லாட்ஜில் எனக்கு நாளுக்கு எழுநூறு ரூபாய்.

திங்கள் பதினோரு மணிக்கு, ஆபீசில் வைத்து, மலையாளம் கலந்து பேசும் ஆபீசர் என் கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நல்ல மனுஷர், அவசரப்படவில்லை.

"ஒடிஞ்ச கரும்பு நல்லாக் காணுது. ஸ்தலம் எங்கே? எல்லைக்கல் எங்கே? இவர் தோட்டத்துல நிக்கிற ஒரு போட்டோ உண்டா? இது எந்தத் தோட்டம்னு ஞான் எப்படி எழுதறது?"

முப்பத்தேழிலும் வானம் இல்லை, மலை இல்லை, கல் இல்லை, செல்லையா இல்லை. ஆபீசர் தோட்டத்துக்கு நேரிலும் வந்தார். வெட்டி முடிந்த தோட்டம் மாதிரிதான் இருந்தது. ஓரத்தில் மிதிபட்டபடி மிச்சமிருந்த ஆறு குழி அளவு இடத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

செல்லையா வெல்லத்தை எடை போட உட்கார்ந்தார். மிதிபட்ட கரும்பு என்பதால் கறுத்த வெல்லம், நானூற்றுப் பத்துக் கிலோ. அந்த நிறத்துக்குச் சந்தையில் கிலோ ஐம்பத்தைந்து. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லிவிட்டேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

"அம்பத்தஞ்சா? எங்க வயித்துல அடிச்ச படத்துக்கு என்ன வெல பாய்? அதையும் கழிச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றார் பேச்சியம்மா.

"ஏய், சும்மா இரு" என்றார் செல்லையா.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? ஆட்டுங்கன்னு சொன்னது அவருதானே? இப்ப நெறம் கறுப்புன்னு சொல்றதும் அவருதானே?"

வண்டிக்குப் பின்னால் போய் ஒரு பீடி பற்றவைத்தேன்.

போகிறவர்களுக்கு: சின்னார் செக்போஸ்ட்டில் ராத்திரி வண்டி விடமாட்டார்கள், வெளிச்சத்தில் போங்கள். விலை உயர்ந்த லென்ஸ் வேண்டாம். லென்ஸை இழுக்காமல் 18-இல் வைத்து, ஆளையும் கல்லையும் மலையையும் சேர்த்து முதலில் ஒரு படம் எடுங்கள். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருவருடைய பிழைப்பு உங்கள் படத்தை நம்பியிருந்தால், அது எதற்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்கவில்லை.

அன்றைக்கு வண்டிக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்து அவர்களிடம் பேசி முடித்தது இது. கிலோ எண்பது, அதாவது நல்ல வெல்லத்தின் விலை, மொத்தமும் ரொக்கம். ஏற்றுக்கூலியும் வண்டிக்கூலியும் என்னுடையது. முன்பணம் பதினைந்தாயிரத்தைக் கரணைக்கு வைத்துக்கொள்ளலாம், அடுத்த வெட்டு முடிந்து திருப்பினால் போதும். அடுத்த வெட்டு வெல்லத்தை அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.