சிவநேசம் சைக்கிள் பழகிய காரணம்

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்யும் சிவநேசம், ஐம்பத்தேழு வயதில் சைக்கிள் ஓடப் பழகினார். அவர் குடியிருந்த பார்க் எக்ஸ்ரென்சன் பகுதித் தமிழ்ச் சனம் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டது. புருசனைப் பறிகொடுத்த மனுசி, மனதைத் தேற்ற ஒரு வழி தேடுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் பழகியது ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்கு.

அந்த மனிதர் குணரத்தினம். கர்க்லாண்ட் புறநகரில் வீடு, காப்புறுதி வியாபாரம், நகரில் வாடகைக்கு விட்ட இரண்டு மூன்று கட்டடங்கள். எந்த விழாவிலும் முன்வரிசையில் இருப்பார். ஓய்வுபெற்ற தமிழர்கள் அதிகம் ஓடும் ஒரு சைக்கிள் கழகம் நடத்திவந்தார். ஒவ்வோர் ஆவணியிலும் கழகத்தை வடக்கே பழைய ரெயில் பாதைக்குக் கூட்டிப்போவார்.

அந்தப் பாதையில் ஒரு காலத்தில் மலைகளுக்கூடாக ரெயில் ஓடியது. மரம் ஏற்றியது, பனிக்காலத்தில் சறுக்கி விளையாட வந்தவர்களை ஏற்றியது. பெருந்தெருக்கள் வந்தபிறகு அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுத் தடத்தைச் சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டார்கள். சென்-ஜெரோமில் தொடங்கி மோன்-லொறியே வரை இருநூறு கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பழைய ஸ்ரேசன்கள் பல இப்போது கோப்பிக் கடைகள். ரெயில் ஏறக்கூடிய ஏற்றம் மட்டுமே இருப்பதால் வயதானவர்களும் அதிகம் மூச்சிரைக்காமல் போகலாம். கழகத்துக்காரர் பஸ்ஸில் மோன்-லொறியே வரை போய், அங்கிருந்து மூன்று நாளில் கீழே ஓடி வருவார்கள்.

சிவநேசத்தின் கணவர் ஆனந்தராசா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டதும் பழைய பச்சைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கழகத்தில் சேர்ந்தார். முதல் பயணத்தின் இரண்டாம் நாள், லபெல் ஸ்ரேசனுக்கு முன்னால், றூஜ் ஆறு பாதையை ஒட்டி ஓடும் இடத்தில் இறந்துபோனார். அந்த வழியாக வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி, அவர், ஆட்கள் இருந்து களைப்பாற வைத்த மர வாங்கிலில் சாய்ந்து கிடப்பதைக் கண்டார்கள். மாரடைப்பு.

செத்தவீட்டில் குணரத்தினம்தான் முன்னின்று எல்லாம் செய்தார். வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னவரும் அவரே. ஆனந்தராசா தானாகவே, "நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்று சொல்லிப் பின்தங்கியதாகவும், நெஞ்சு வருத்தம் இருப்பதைக் கழகத்துக்கு மறைத்துவிட்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு சனம் சிவநேசத்தைப் பார்க்கும் விதம் மாறியது. கையைப் பிடித்து அழுதுவிட்டு, "நெஞ்சு வருத்தக்காரனை ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார்கள். ஆனந்தராசாவுக்கு அப்படி ஒரு நோயும் இருந்ததில்லை. அந்த வசந்த காலத்தில்தான் டொக்டர் பார்த்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தார். சிவநேசம் அதைச் சொன்னால், பாவம், தன்னைத் தேற்றிக்கொள்கிறார் என்பதுபோலத் தலையாட்டினார்கள். ஒட்டாவாவில் இருக்கும் மகள் லக்சனாவே ஒருநாள் போனில், "அம்மா, உங்களுக்கு உண்மையாத் தெரியாதா?" என்று கேட்டாள்.

அடுத்த கோடையில் வசந்தினி சந்தைக்கு வந்தார். கழகத்தில் ஓடுபவர், நாற்பது வயது இருக்கும். கத்தரிக்காய் வாங்க வந்தவர்போல நின்று, ஆட்கள் குறைந்ததும் அழத் தொடங்கினார். ஆனந்தராசா இறந்த அன்று நடந்ததைச் சொன்னார். அன்று கடைசியாக வந்த மூவர் ஆனந்தராசா, குணரத்தினம், வசந்தினி. ஆனந்தராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிலில் இருந்தார். வியர்த்து ஊற்றியது. குணரத்தினம் அது வாய்வு என்றார். லபெல் ஸ்ரேசனில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் ஆட்கள் கமராவோடு காத்திருந்தார்கள். கழகம் வந்திறங்கும்போது தலைவர் முன்னால் வரவேண்டும். வசந்தினி தான் நிற்கிறேன் என்றாராம். குணரத்தினம் விடவில்லை. போய்ச் சேர்ந்ததும் ஆளனுப்பலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போய்ப் பேட்டி கொடுத்தார், படம் எடுத்தார், ஆளனுப்ப மறந்துபோனார். தலைவர் ஆளனுப்பியிருப்பார் என்று நம்பித் தானும் சும்மா இருந்துவிட்டதாக வசந்தினி சொன்னார்.

சிவநேசம் ஒன்றுதான் கேட்டார்.

"அவர் கடைசியா என்ன சொன்னவர்?"

"'கொஞ்சம் இருங்கோ' எண்டு சொன்னவர் அக்கா. ரெண்டு தரம் சொன்னவர்."

இதை எல்லாருக்கும் முன்னால் சொல்வாயா என்று கேட்டபோது வசந்தினி தலைகுனிந்தார். அவருடைய குடும்பம் குணரத்தினத்தின் கட்டடத்தில்தான் குடியிருந்தது. சிவநேசம் அவரை வற்புறுத்தவில்லை. கத்தரிக்காயைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். அழுகை வரவில்லை.

ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஆனந்தராசா பிழைத்திருப்பாரா என்று எந்த டொக்டரும் அவருக்கு உறுதியாகச் சொல்லவில்லை. பிழைக்காவிட்டால் என்ன, பிடிக்க ஒரு கை இருந்திருக்கும் என்று சிவநேசம் நினைத்தார். சாகக் கிடந்தவரைத் தனியே விட்டதுமல்லாமல், பழியை அவருடைய மனைவியின் தலையில் கட்டிய மனிதர் பட்டு வேட்டியோடு கோயிலில் முன்னுக்கு நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. குணரத்தினம் விழவேண்டும், எல்லாரும் பார்க்க விழவேண்டும். அதற்கு அந்தப் பாதையும் கழகமும்தான் சரியான இடம் என்று பட்டது.

பச்சைச் சைக்கிளையே எடுத்தார். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் விழுந்து எழும்பிப் பழகினார். முழங்கை தோலுரிந்தது, ஒரு பல் உடைந்தது. பிறகு சனிக்கிழமைகளில் சைக்கிளோடு ரெயிலேறிச் சென்-ஜெரோமுக்குப் போனார். தடம் ஸ்ரேசன் வாசலிலேயே தொடங்கும். முதலில் பிறேவோ வரை போய்த் திரும்பினார். அடுத்த முறை சென்-அடேல், பிறகு வல்-டேவிட். மலையை வெட்டி ரெயிலுக்கு வழிவிட்ட இடங்களில் இரண்டு பக்கமும் பாறை ஈரமாக நிற்கும். அங்கே வெயிலிலும் குளிரும். ஆற்றின் மேலே பழைய இரும்புப் பாலங்கள். மேலே பலகை அடித்திருந்தார்கள். எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை என்பதெல்லாம் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டார். காலில் தசை பிடித்தது. உடம்பு இளைத்தது. சந்தையில் கூட வேலை செய்தவர்கள் அழகாகிவிட்டீர்கள் என்றார்கள்.

புரட்டாதியில் பஸ் பிடித்து லபெலுக்குப் போய், அங்கிருந்து அந்த வாங்கிலைத் தேடி ஓடினார். ஆறு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. அவ்வளவு வடிவான இடம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கண்டபோதுதான் கோபம் இன்னும் கூடியது. ஒரு தாத்தாவும் பேத்தியும் சிரித்துக்கொண்டு சைக்கிளில் கடந்தார்கள். சிவநேசம் வாங்கிலில் இருந்து போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. எனவே ஆனந்தராசாவாலும் யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது.

அடுத்த வருசம் கழகத்தில் சேர்ந்தார். குணரத்தினம் கூட்டம் வைத்து வரவேற்றார். அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, அவருடைய பெரிய மனதைப் பற்றிப் பேசினார், தோளோடு தோள் நின்று படம் எடுத்தார். சிவநேசம் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த ஆவணிப் பயணத்துக்கு "ஆனந்தராசா நினைவு ஓட்டம்" என்று குணரத்தினமே பெயர் வைத்தார். எல்லாருக்கும் ரீசேட் அடித்தார். நெஞ்சில் ஆனந்தராசாவின் படம், முதுகில் குணரத்தினத்தின் காப்புறுதி நிறுவனத்தின் பெயர். சிவநேசம் அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். லபெல் ஸ்ரேசனுக்குத் தொலைக்காட்சிக்காரர் வருவார்கள் என்று கேள்விப்பட்டபோது, எங்கே பேசவேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

இரண்டாம் நாள் மழை தூறியது. பாதையில் ஆள் இல்லை. கழகத்துக்காரர் நனையாமல் போய்ச் சேரும் அவசரத்தில் முன்னால் பறந்துவிட்டார்கள். குணரத்தினத்துக்கு வயது அறுபத்தாறு, முன்போல ஓட முடியவில்லை. சிவநேசம் அவரைக் கண்ணில் வைத்தபடி பின்னால் வந்தார். ஒரு வளைவு திரும்பியபோது ஆளைக் காணவில்லை. ஒரு பாலத்துக்குக் கிட்டப் போனதும் கண்டார். ஈரப் பலகையில் சில்லு வழுக்கிச் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகக் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது.

"தங்கச்சி, கடவுள்தான் உம்மை அனுப்பினது. ஓடிப்போய் ஆரையேன் கூட்டிக்கொண்டு வாரும். எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு."

சிவநேசம் சைக்கிளைப் பாலத்துக் கம்பியில் சாத்தினார். தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார். பிறகு அவருக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தார்.

அங்கேயும் போனுக்குச் சிக்னல் இல்லை. குணரத்தினம் திரும்பவும் போகச் சொன்னார். லபெல் கிட்டத்தான், சைக்கிளில் கொஞ்ச நேரம் என்றார். சிவநேசம் அசையவில்லை. பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். பாணும் சம்பலும். மழை அதன்மேல் விழுந்தது.

"அவர் உங்களைக் கொஞ்சம் இருங்கோ எண்டு கேட்டவர். நீங்கள் போனனீங்கள். நான் போகேல்லை அண்ணை. நான் இருக்கிறன்."

குணரத்தினத்தின் முகத்தில் நோவையும் தாண்டிப் பயம் வந்தது. வசந்தினியின் பெயரைச் சொல்லித் திட்டினார். பிறகு வாய்வு என்று உண்மையாகவே நினைத்ததாகச் சொன்னார். பிறகு அழுதார். லபெலில் எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லுகிறேன், போய் ஆளைக் கூட்டிவாரும் என்று கெஞ்சினார். சிவநேசம் பாணைப் பிய்த்து மெதுவாகச் சாப்பிட்டார். உங்கள் வாயால் வருகிற உண்மை எனக்குத் தேவையில்லை என்று மட்டும் சொன்னார். கீழே ஆறு பெருகி ஓடும் சத்தம் கேட்டது. குணரத்தினம் பல்லைக் கடித்து முனகுவதும் கேட்டது. அந்த முனகலைக் கேட்கச் சிவநேசத்துக்கு நன்றாக இருந்தது. இதைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

காலை முறித்துக்கொண்ட மனிதர் அதனால் செத்துவிடமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் குளிரில் குணரத்தினத்தின் உதடு நீலமாவதைக் கண்டபோது, இன்னும் இருந்தால் தானும் இந்த மனிதரும் ஒரே கணக்கில் வந்துவிடுவோம் என்று பட்டது. அந்த நினைப்புத்தான் அவரை எழுப்பியது, இரக்கம் வரவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஏறியபிறகு மெல்லப் போகவில்லை.

ஸ்ரேசனில் எல்லாரும் ஆனந்தராசாவின் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சிவநேசம் முதலில் கடைக்காரப் பெண்ணிடம் போய், சந்தையில் பழகிய பிரெஞ்சில், பாலத்தில் ஒருவர் கால் முறிந்து கிடக்கிறார் என்று சொன்னார். அம்புலன்ஸ் புறப்பட்டது உறுதியான பிறகு கமராவுக்கு முன்னால் வந்து நின்றார். நினைவு ஓட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் பேட்டி எடுத்த இளைஞர். அவர் சொன்னார். வாங்கிலில் இருந்த ஆனந்தராசா, வாய்வு என்ற பேச்சு, பேட்டிக்காக ஓடி வந்த தலைவர், ஆளனுப்ப மறந்தது, செத்தவீட்டில் சொன்ன பொய் எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் சொன்னார். கடைசியில், தான் இப்போது குணரத்தினத்துக்குப் பக்கத்தில் இருந்து பாண் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவதையும் சொன்னார்.

கூட்டத்தில் யாரோ, இதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள்.

"நான் நிண்டனான்," என்றார் வசந்தினி. "அக்கா சொல்லுறது முழுக்க உண்மை." சொல்லும்போது அவர் ரீசேட்டின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சி அதைப் போடவில்லை. ஆனால் யாரோ போனில் எடுத்தது இரண்டு நாளில் மொன்றியல் தமிழரின் போன்களெல்லாம் சுற்றி வந்துவிட்டது. குணரத்தினத்துக்குக் காலில் கம்பி வைத்தார்கள். கழகம் கலைந்தது. கோயில் நிருவாகசபைத் தேர்தலில் நிற்க இருந்தவர் நிற்கவில்லை. சிவநேசத்தையும் எல்லாரும் மெச்சவில்லை. கால் முறிந்து கிடந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட பொம்பிளை என்று பாதிப்பேர் அவரோடு கதைப்பதை விட்டார்கள். அவர் அதை எதிர்பார்த்திருந்தார். வசந்தினியின் குடும்பத்தை வீட்டைவிட்டுக் கிளப்பக் குணரத்தினம் முயன்றபோது, சிவநேசம் விடுமுறை எடுத்து அலைந்து, தன் தெருவிலேயே அவர்களுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தார்.

லக்சனா ஒட்டாவாவிலிருந்து வந்து தாயின் மடியில் படுத்து அழுதாள். தன்னை மன்னிக்கச் சொன்னாள். பிறகு, இப்போது உங்களுக்கு நிம்மதியா என்று கேட்டாள். நிம்மதிக்காகச் செய்யவில்லை என்றார் சிவநேசம்.

இந்த வருசம் வைகாசியில், சந்தையில் தக்காளிக் கன்றுகள் வந்து குவிந்திருந்த ஒரு காலை, குணரத்தினம் ஊன்றுகோலோடு கடைக்கு முன்னால் வந்து நின்றார். நன்றாக இளைத்திருந்தார். ஆட்கள் விலகும்வரை பார்த்திருந்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

சிவநேசம் அவரை நேராகப் பார்த்தார். அவர் மெய்யாகவே கேட்கிறார் என்பது தெரிந்தது. தன்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது.

"மாட்டன் அண்ணை," என்றார்.

குணரத்தினம் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். சிவநேசம் அவள் பக்கம் திரும்பி, என்ன வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டார்.