பின்னால் வருகிற வண்டி

இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். பின்னால் வருகிற கார் இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதற்குள் தனசேகர் தன் குட்டியானை வண்டியைத் தார்ச்சாலையிலிருந்து மண்ணில் இறக்கி, பிரேக்கை மிதித்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டத் தொடங்கிவிடுகிறார். காரில் வருகிறவனுக்கு ஒன்றும் புரிவதில்லை. ரோடு காலியாகக் கிடக்கிறது, தாராளமாக முந்தலாம், இந்த மனிதர் ஏன் ஓரங்கட்டி வழியனுப்புகிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறான். அவன் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வண்டி மறுபடி ரோட்டில் ஏறும். அடுத்த கார் வந்தால் மறுபடியும் இதே சடங்கு.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தனசேகரோடு போனால் ஒன்றேகால் மணி. எனக்குப் பொன்னேரியில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. எட்டு மணி பஸ் வராத நாட்களில், அதாவது பாதி நாட்களில், இவர் வண்டிதான் கதி. தாமதத்துக்கு நான் சொன்ன எத்தனையோ பொய்களை மேலாளர் நம்பியிருக்கிறார். இந்த ஒரு உண்மையைத்தான் ஒருநாளும் நம்பியதில்லை.

தனசேகருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்தைந்து வயது வரை அப்பாவோடு ஏரியில் படகில் போனவர். கழி ஊன்றிப் பழகிய தோள் இன்னும் அப்படியே இருக்கிறது. ஏரியில் மீன் குறையக் குறைய, கரையேறி ஸ்டியரிங் பிடித்தார். விடிந்ததும் கரையில் இறாலும் நண்டும் ஐஸும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட், அங்கிருந்து சில நாள் அனுப்பம்பட்டு வரை. டிரைவராக இருந்தும் காக்கிச் சட்டை போடமாட்டார். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றையும் இறால் கட்டும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி மார்புப் பையில் வைத்திருப்பார். குளிக்கப் போகும்போது அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறார் என்று அவர் மனைவி குணசுந்தரி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வண்டியில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்தது மூன்று கண்ணாடி. இவர் இன்னும் மூன்று வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு உருண்டைக் கண்ணாடி, ஸ்டியரிங்குக்கு மேலே பவுடர் டப்பாவிலிருந்து பெயர்த்து ஒட்டிய ஒரு சின்ன வட்டம். ஆறிலும் பின்பக்கம் தெரியும். முன்பக்கத்தைப் பார்ப்பது பெரும்பாலும் என் பொறுப்பு. "மாடு" என்பேன், ஒடிப்பார். "பள்ளம்" என்பேன், மெதுவாக்குவார். டீக்கடையில் இவருக்குக் கண்ணாடி தனசேகர் என்றே பெயர்.

அந்தக் கண்ணாடிகள் வந்ததற்குக் காரணம் ஒரு வெள்ளைக் கார். சில வருஷங்களுக்கு முன், காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று மீனவர் ஊர்களிலிருந்து ஆட்கள் திரண்ட சமயம். கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வண்டிகளில் இவருடையதும் ஒன்று. மறுநாளிலிருந்து அந்தக் கார் பின்னால் ஒட்டிக்கொண்டது. காவல் என்று எழுத்து இல்லை, மேலே விளக்கு இல்லை, உள்ளே சாதாரணச் சட்டை போட்ட இரண்டு பேர். இவர் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும், இவர் டீ குடிக்க நின்றால் அதுவும் நிற்கும். பம்பரை இடிக்கிற நெருக்கத்தில் மூன்று நாள் வந்தது. நான்காம் நாள், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் முந்திப்போய்க் குறுக்கே நின்றது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு ஸ்டேஷனில் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, பேரை எழுதிக்கொண்டு, போகச் சொல்லிவிட்டார்கள். வழக்கும் இல்லை, அடியும் இல்லை. வெயிலில் நின்ற வண்டியில் இறால் முழுக்க நாறிப்போயிருந்தது. "அடிச்சிருந்தாகூட மறந்திருப்பேன் சார். ஒருத்தனும் ஒரு வார்த்தை பேசல. இன்னாத்துக்குக் கூட்டினு வந்தானுங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்பார்.

அதற்குப் பிறகு மஃப்டி வண்டியை மோப்பம் பிடிப்பதில் இந்த ரோட்டில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. முன்கண்ணாடி வழியே லத்தியின் நுனி தெரிகிறதா, டிரைவர் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறானா, பக்கத்தில் இருப்பவன் போனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கிறானா என்று வரிசையாக அடையாளம் சொல்லுவார். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் வாய் பிளந்து கேட்பார்கள். "சேத்து ரோட்டுல சேறு இல்லாத வண்டி வந்தா ஒண்ணு மஃப்டி, இல்லாட்டி ஹார்பர் ஆளு" என்பது அவருடைய முதல் விதி. இரண்டாவது விதி, அதை முந்த விடக்கூடாது. "முந்துனாத்தான் குறுக்க நிப்பான். நடு ரோட்டைப் புடிச்சிக்கினு கடைத்தெரு வரைக்கும் போயிரு. நாலு பேர் எதிர்ல மரியாதையா பேசுவான்." நானும் வாய் பிளந்தவன்தான், இதில் என்ன வெட்கம்.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது வருகிற போகிற கார் எல்லாவற்றுக்கும் மண்ணில் இறங்கி வழிவிடுகிறார். ஏன் என்று நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஜெயம்மா ஒரு தடவையும் கேட்டதில்லை.

ஜெயம்மா ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் பசியாவரத்துக்காரர். கணவர் எல்லப்பன் போன ஐப்பசியில் இறந்துபோனார். முப்பதாம் நாள் கழிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்கு நண்டு விற்க வந்துவிட்டார். அன்று முதல் தனசேகர் வண்டிதான். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர்: நடுவில் நான், ஜன்னலோரம் அந்த அம்மாள். கூடையைத் தனசேகரே ஏற்றுவார், தனசேகரே இறக்குவார், வாடகை என்று ஒரு காசு வாங்கமாட்டார். இவர் "யக்கா" என்பார், அந்த அம்மாள் "தம்பி" என்பார். சொந்தமா என்று கேட்டேன். சொந்தமெல்லாம் இல்லை சார் என்று சொல்லிவிட்டு ஆறு கண்ணாடியையும் ஒரு சுற்று பார்த்தார்.

வைகாசியில் ஒருநாள் ஜெயம்மா வரவில்லை. மெதூருக்கு முன்னால் ஐந்தாவது தடவையாக வண்டி மண்ணில் இறங்கியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. கொஞ்சம் கத்தியே கேட்டுவிட்டேன். அவர் எஞ்சினை அணைத்தார். பவுடர் டப்பாக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பகல். பின்னால் நண்டு, மேலே நீலத் தார்ப்பாய், அதன் விளிம்பு நம்பர் பிளேட்டை மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பாலைவனம் தாண்டியதும் ஆறு கண்ணாடியிலும் ஒரு வெள்ளைக் கார் வந்தது. புத்தம் புதுசு, ஒரு பொட்டுச் சேறு இல்லை. அன்றைக்கு மழை எல்லா வண்டியையும்தான் கழுவி வைத்திருந்தது, சேறு பார்த்து எடைபோடும் விதி அன்றைக்குச் செல்லாது, ஆனால் அது அவருக்குத் தோன்றவில்லை. பம்பரை ஒட்டி வந்தது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து துணியை வீசியது. நிறுத்தச் சொல்கிறான் என்று முடிவு செய்தார்.

நடு ரோட்டைப் பிடித்தார். கார் வலது பக்கம் ஒதுங்கினால் இவரும் வலது பக்கம் ஒதுங்கினார், இடது பக்கம் வந்தால் இடது பக்கம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாள்தான் கண்முன் நின்றது. மெதூர் கடைத்தெரு வந்ததும், நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் ஒதுங்கினார். கார் குறுக்கே நிற்கவில்லை, நிற்காமல் பறந்தது. கடந்து போன அந்த ஒரு நொடியில் பின்சீட்டில் ஜெயம்மாவைப் பார்த்தார். மடியில் எல்லப்பன் தலை. கணவரின் துண்டைப் பிடித்த ஜெயம்மாவின் கை இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

காரை ஓட்டியது ஜெயம்மாவின் அக்கா மகன் முரளி. துறைமுகத்தில் ஓர் அதிகாரிக்கு வண்டி ஓட்டுகிறவன். நெஞ்சு வலி என்று எல்லப்பனைப் படகில் இக்கரைக்குக் கொண்டுவந்தபோது, கையில் இருந்த காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். சொன்னது டாக்டரா, வாசலில் நின்ற எவனோவா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதுதான் தனசேகருக்குப் பெரிய தண்டனை. தெரிந்திருந்தால் ஒரு பக்கமாக அழுது முடித்திருப்பார்.

அதைவிட அவரை அரிப்பது அந்தத் துணி. ஏரியில் எஞ்சின் நின்றாலோ, காற்று திரும்பினாலோ, படகில் இருப்பவன் கழியில் துணியைக் கட்டித் தூக்கிக் காட்டுவான். பார்த்தவன் வலையை அப்படியே போட்டுவிட்டு வர வேண்டும். எந்த ஊர், என்ன பகை என்று கேட்கக் கூடாது. பார்த்தும் போகாதவனை ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்க வைத்துக் கேட்பார்கள். இவரும் அப்பாவும் ஒருநாள் முகத்துவாரத்தின் பக்கம் இழுபட்டபோது, இவர் தூக்கிய லுங்கியைப் பார்த்து வந்தது, யார் எந்த இடத்தில் வலை போடுவது என்ற பாடு தகராறில் இவர்கள் ஊரோடு பேச்சு வார்த்தையே இல்லாத ஊர்ப் படகு.

"அந்தம்மா தண்ணியில பொறந்தவ சார். கஷ்டம்னா துணியத் தூக்கணும்னு தெரியும், தூக்குனா. ரோட்டுல எனக்குப் புரியாமப் போச்சு. ஏரியில இருந்திருந்தா புரிஞ்சிருக்கும்" என்றார்.

சாவுக்கு மாலையோடு போயிருக்கிறார். ஜெயம்மா மார்பில் அடித்துக்கொண்டு, வழிவிடாத பாவி, நீலத் தார்ப்பாய் போட்டவனே, உன் வீட்டில் விளக்கு எரியுமா என்று ஒப்பாரி வைத்ததை, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டிருக்கிறார். மறுநாளே மஞ்சள் தார்ப்பாய் வாங்கினார். நீலத்தைக் கழுவிக் காயவைத்து, மடித்து, யூரியா சாக்கில் திணித்து, சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டார். தூக்கிப் போட்டிருக்கலாமே என்றேன். "எங்க சார் போடறது? எவனாவது எடுத்துக் கட்டிக்கினு இதே ரோட்டுல போவான். அந்தம்மா அவனப் பார்க்கும்" என்றார்.

ஜெயம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் கரைக்கு வருகிறாராம், கூடையை ஏற்றிவிட்டு நேராக ஸ்டியரிங்குக்குப் போய்விடுகிறாராம். சொல்லிவிட்டால் அந்த அம்மாள் வண்டியில் ஏறமாட்டார், கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பார், அதையும் இவரால் பார்க்க முடியாது. நான் குமாஸ்தா. எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகியவன். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். ஏரிப்பக்கம் காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. ஜெயம்மா அன்றைக்கு நண்டு கொண்டுவரவில்லை. மூன்று கூடை நிறையக் கருவாடு. பதினைந்து நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தது. ஒரு மழை நனைந்தால் புழு வைத்துவிடும், அப்புறம் குப்பைதான். திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.

தனசேகர் ஓரங்கட்டி இறங்கினார். மஞ்சள் தார்ப்பாய் முந்தின நாள் காற்றில் கிழிந்து, தைக்கக் கொடுத்திருந்தது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வண்டியின் பின்னால் வெறும் கையோடு நின்றார். அடுத்த கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் யக்கா, அதுவரைக்கும் மழை வலுக்காது என்று சொல்லிப் பார்த்தார். சொல்லி முடிப்பதற்குள் வலுத்தது. நானும் இறங்கினேன். யூரியா சாக்கு எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜெயம்மா சீட்டை விட்டு இறங்கினார். திரும்பி, பின்னால் கையை விட்டுச் சாக்கை இழுத்து வெளியே போட்டார்.

"எட்டு மாசமா என் முதுகுலதான் குத்திக்கினு கெடக்குது தம்பி இந்த நீலம்" என்றார். குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. தனசேகர் திரும்பிப் பார்க்கவில்லை, கை ஆட்டவும் இல்லை.

அந்த அம்மாள் நீலத் தார்ப்பாயை உதறி விரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. கூடைகளின் மேல் போர்த்தி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைச் சுற்றி நடந்து, படகுக்குப் போடுகிற முடிச்சாகப் பார்த்து மூன்று மூலையையும் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான்காவது மூலையின் கயிற்றை எடுத்து, கட்டாமல், தனசேகரிடம் நீட்டினார். மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தனசேகர் அதை வாங்கும் வரை அந்த அம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.