செக்யூரிட்டி அறையில் அடித்த போன்கள்

ரிவர்ஸ் ப்ராக்ஸி என்றால் என்ன சார் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்டால், நான் செக்யூரிட்டி அறையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். தீப்பொறி பயத்தால் ஆலைக்குள் செல்போனுக்குத் தடை. முன்கேட் செக்யூரிட்டி அறையில் உள்ள மரத்தட்டில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரு நாள் முற்பகலில் சால்வென்ட் டேங்க் தீப்பிடித்தது. ஆட்களைப் பின்கேட் வழியாக வெளியேற்றினார்கள். போன்கள் முன்கேட்டில், ஆட்கள் பின்கேட்டில், நடுவே தீயணைப்பு வண்டிகள். கேபிள் டிவியில் செய்தி ஓடியதும் தட்டிலிருந்த போன்களெல்லாம் அடிக்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஒரு வீடு.

நான் செக்யூரிட்டி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பின்கேட்டிலிருந்து வாக்கிடாக்கியில் வந்த பெயர்களை, ‘பத்திரமாக இருப்பவர்கள்’ என்று கம்பெனி வெப்சைட்டில் ஏற்றினேன். டிவியில் முகவரி சொன்னார்கள். ஊரே அங்கே பாய்ந்தது.

எங்களுக்கு மூன்று வெப் சர்வர்கள். ஆலையில் இரண்டு, சென்னை ஆபீசில் ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால், சென்னையில், நான் வைத்த ரிவர்ஸ் ப்ராக்ஸி. யார் கேட்டாலும் அதுதான் பதில் தரும். கேட்ட பக்கத்தின் நகல் தன்னிடம் இருந்தால் சர்வர் பக்கமே போகாது. ஆலையில் கரண்டை நிறுத்தியதும் இரண்டு சர்வர்கள் போயின. ப்ராக்ஸி தானாகவே அதைக் கண்டுகொண்டு மிச்சமிருந்த ஒன்றை வைத்துச் சமாளித்தது. ப்ராக்ஸியின் பதிவேடான லாகில் வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. சர்வரோ சும்மா உட்கார்ந்திருந்தது. நானே அமைத்ததுதான், ஆனாலும் அசந்துபோனேன்.

அப்போது செக்யூரிட்டி முனுரத்தினம் தட்டில் அடித்த ஒரு போனோடு ஓடிவந்தார். “சார், ஃபிட்டர் ஏசுதாஸ் சம்சாரம். பொன்னேரி பிரவுசிங் சென்டர்ல குந்திக்கினு அழுவுது. லிஸ்ட்ல பேரு இல்லியாம்.”

ஏசுதாஸ் பெயரை அப்போதே ஏற்றியிருந்தேன். போனை வாங்கி அந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

“போன்ல இன்னா வேணா சொல்லலாம் சார். கூட வேலை செய்றவங்க பேரெல்லாம் கீது, எங்க ஊட்டுக்காரர் பேரு மட்டும் இல்ல. பேரைக் காட்டுங்க.”

விஷயம் புரிந்தது. ப்ராக்ஸி வைத்திருக்கும் நகலின் ஆயுள் ஒரு மணி நேரம். மாறாத படங்களும் விவரங்களும் மட்டும் இருந்த வெப்சைட்டுக்கு வைத்த கணக்கு. ப்ராக்ஸி பழைய பட்டியலையே கொடுத்துக்கொண்டிருந்தது.

அதைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற மேனேஜர் கத்தினார். “நகல் எடுத்து வைக்கிற அந்த கேஷை ஆஃப் பண்ணுய்யா! நேரா சர்வருக்கே போகட்டும்.”

“மொத்தக் கூட்டமும் அந்த ஒத்த சர்வர் மேல விழும் சார். அது படுத்துடுச்சுன்னா யார் பேருமே தெரியாது.”

அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஆயுளை ஒரு நிமிடமாக்கினேன். பழைய நகலை அழித்தேன். இனி எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும் சர்வருக்கு நிமிடத்துக்கு ஒரே கேள்விதான் போகும்.

“எஃப் ஃபைவ் அழுத்துங்கம்மா, பக்கம் புதுசா வரும்” என்றேன் போனில்.

மறுமுனையில் கீ தட்டும் சத்தம். பிறகு அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். “ஏசுதாஸ்... ஃபிட்டர்... சார், கீறாரு! எங்க ஊட்டுக்காரர் கீறாரு!”

கடைசிப் பெயரையும் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். தட்டில் போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எங்கெங்கோ இருந்த வீடுகளுக்கு நான் ஏற்றிய ஒவ்வொரு பெயரும் போய்ச் சேர்ந்ததைக் காதால் கேட்டேன். மெய் சிலிர்த்தது.

நகலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று இன்றும் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறப்பவரால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும் என்று யோசித்துவிட்டு எண்ணைப் போடுங்கள் என்பேன்.