குங்குமம் வைத்த நாலு ரேம்

குங்குமப் பொட்டோடு அந்த நாலு பட்டைகளும் இன்னமும் கண்ணுக்குள் நிற்கின்றன. விரல் நீளத்தில், பச்சையாக, கறுப்புச் சில்லுகள் பதித்த, கம்ப்யூட்டருக்கு மெமரியான ரேம் பட்டைகள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் நான் நடத்திய கல்யாணப் பத்திரிகை டிசைன் கடையின் முதல் ஆயுத பூஜை அது. எங்கள் பக்கம் தறியோ மோட்டாரோ, அன்றைக்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் டப்பாவின் மேல் வைத்தால் போதுமா என்று அண்ணனை மூடியைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு பட்டைக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். "ஷார்ட் ஆயிப்போகும் கண்ணு" என்று சிரித்தார். ஆகவில்லை.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதில் கைதேர்ந்தவர். அன்னூரில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கடை ஓடினால் ஓடட்டும், இல்லாவிட்டால் பூட்டிவிட்டு வந்து சேர், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மெஷினில் ரேம் சொருக நாலு குழி. அப்போதெல்லாம் ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒற்றையாகப் போட்டால் மெஷின் எழும்பாது. ரெண்டு போதாதா என்று அப்பா இழுத்தபோது, எனக்காகப் பேசியவர் அண்ணன்தான். "ரெண்டுல எழுத்து வேலை ஓடுமுங்க சித்தப்பா. போட்டோ வெச்ச கலர் பத்திரிகைன்னா திணறிப்போடுமுங்க. நாலாப் போட்டாத்தான் அம்மணி பொழைக்கும்." அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மனசுக்குள் கும்பிட்டேன்.

மெஷினை ஆன் செய்ததும் உள்ளே மெமரி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக் காட்டியபடி கறுப்புத் திரையில் எண்கள் ஓடும். "அதப் பாத்துட்டு ஒக்காந்தா நேரந்தான் வீணு, எஸ்கேப்பைத் தட்டு கண்ணு" என்று பழக்கியவரும் அவரே. நானும் அந்தக் கணக்கைப் பார்க்காமலே தினமும் தட்டினேன்.

தீபாவளி கழிந்து ஒருநாள், தூசி தட்டுகிறேன் என்று மெஷினைத் திறந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கலர் பத்திரிகையைத் திறந்தாலே மெஷின் நின்றுவிடும். மணப்பெண்ணின் முகம் பாதி வந்திருக்கும். கல்யாண வீட்டார் என் முகத்தைப் பார்ப்பார்கள். போன் செய்தால், "வைரஸா இருக்கும் கண்ணு, வாரேன்" என்பார். வருவார், டீ குடிப்பார், எதையோ தட்டுவார், போவார். தை முகூர்த்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. "அம்மணி மெஷின் ரிப்பேருங்க, நான் பண்ணித் தாரேனுங்க" என்று அந்தக் கல்யாண வீட்டாரையெல்லாம் அண்ணன் துடியலூருக்குக் கூட்டிப்போனதை ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே கடையே திறந்திருந்தார், என்னிடம் மூச்சு விடாமல்.

நேரே போய் நின்றேன். மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். நாலு பட்டைகள். ரெண்டில் என் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. திரையில் ஒரு மணப்பெண் முழு முகத்தோடு சிரித்தாள். பொட்டைச் சுட்டிக் காட்டினேன். அவரோ தலையைக்கூடச் சொறியவில்லை. "உன்ற வேலைக்கு ரெண்டே போதும்னுதான் எடுத்தேன் கண்ணு. ஒக்காரு, காப்பி சொல்றேன்." அந்தக் 'கண்ணு'தான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு துண்டுக்காகப் பங்காளியப் பகைச்சுக்க முடியுமா?" என்றார். மாசியில் கடையைக் காலி செய்தோம். சாமான்களை வண்டியில் ஏற்ற ஒத்தாசைக்கு வந்தவரும் அண்ணன்தான்.

போன மாதம் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் ரொம்பப் பணிவு. "இப்பெல்லாம் ஒண்ணே போதுமுங்க மேடம். நம்பி உட்டுட்டுப் போங்க, மாட்டி வெக்கறேனுங்க" என்றார். நாலு குழியிலும் போடுங்கள், என் கண் முன்னாலேயே போடுங்கள் என்றேன். மூடி மாட்டும் முன் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தேன்.

"ஆயுத பூஜைக்கு இன்னும் நாளிருக்குதுங்களே மேடம்?"

"பூஜைக்கில்லீங்க" என்றேன். "அடையாளத்துக்கு."