பிரிஜுக்குள் இருந்த நாலு ஊசி

பதுளை கடைத்தெருவில் ஜௌபரின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனவர்கள் ஷஹீலாவைப் பார்த்திருப்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எந்தத் தாழ்ப்பாள் எந்தக் கதவுக்குச் சரிவரும், எந்தப் பெயின்ட் மழைக்கு நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்க வந்தவர் மறந்துபோன சாமானையும் அவரே நினைவுபடுத்துவார். எதையும் மறைத்து விற்கத் தெரியாத பெண் என்று கணவர் ஜௌபரே கேலி செய்வார்.

சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்திருந்தது. நாற்பத்தொன்பது வயதில் டயலிசிஸ் தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் இரண்டு ஊசிகளைக் குத்திக்கொண்டு, ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்வரை நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். அங்கேதான் தனலெட்சுமியோடு பழக்கமானது.

தனலெட்சுமி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துப் பெண். ஷஹீலாவை விடப் பன்னிரண்டு வயது இளையவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், நோய் வந்தபின் மலை ஏற முடியாமல் வேலையை விட்டிருந்தாள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள். அரைநாளை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கழித்தால் பேசாமல் இருக்க முடியாது. தண்ணீர் குடிக்கக் கூடாத தாகத்தைப் பற்றியும், உப்பில்லாத கறியைப் பற்றியும், ஷஹீலாவின் மகள் ஷம்ராவுக்குப் பேசிவந்த கல்யாணத்தைப் பற்றியும் பேசினார்கள். தனலெட்சுமி அவரை அக்கா என்றாள். ஷஹீலா அவளைத் தங்கச்சி என்றார்.

டயலிசிஸ் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், புது ரத்தம் ஊறச் செய்யாது. அதற்குத் தனியாக ஒரு மருந்து. பெட்டியில் எரித்ரோபொயட்டின் என்று அச்சிட்டிருக்கும், வார்ட்டில் எல்லோருக்கும் அது ரத்த ஊசி. தாதி துஷாந்தினி ஒருமுறை அதை விளங்கப்படுத்தினாள். உடம்பில் ஒட்சிசன் குறைந்தால் அதை முதலில் உணர்வது சிறுநீரகம்தான். உணர்ந்ததும் ஒரு புரதத்தைச் சுரந்து, இன்னும் ரத்தம் ஊறட்டும் என்று எலும்புக்குள் இருக்கும் மச்சைக்குச் செய்தி அனுப்பும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அந்தச் செய்தியை அனுப்ப முடியாது. அதனால் அந்தப் புரதத்துக்கான மனித மரபணுவை வேறு உயிரணுக்களுக்குள் வைத்து, ஆலையில் வளர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். மனிதருடைய சரக்குதான், மனிதருக்குள் செய்யப்படவில்லை, அவ்வளவுதான் என்றாள்.

அந்த ஊசிக்கு முன்னால் தான் எப்படி இருந்தார் என்பது ஷஹீலாவுக்கு மறக்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்தால் நிமிர முடியாது. ஊசி போடத் தொடங்கியபின்தான் கல்லாவுக்கு வந்தார். ஆகவே அவருக்கு மரணத்தைவிட அந்த மூச்சுமுட்டலே பெரிய பயம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது மருந்தும் குறைந்தது. வார்ட்டுக்கு வந்த கொஞ்ச ஊசிகளை மிகவும் மோசமாக இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். முடிந்தவர்கள் வெளியே வாங்கினார்கள். ஜௌபர் கொழும்பில் சாமான் எடுக்கும் கடைக்காரர் மூலமாக அலைந்து நாலு ஊசி கொண்டுவந்தார். ஆனால் அந்த மாதம் பரிசோதனையில் ஷஹீலாவின் ரத்த அளவு தேவைக்குமேல் ஏறியிருந்தது. ரத்தம் தடித்தால் ஆபத்து, கொஞ்ச நாளைக்கு ஊசி வேண்டாம் என்று டொக்டர் நிறுத்திவிட்டார். நாலு ஊசியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், பிரிஜின் நடுத்தட்டில், பால் பெட்டிக்குப் பின்னால் இருந்தன.

தனலெட்சுமிக்குக் கடைசியாக ஊசி கிடைத்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. உதடும் கண்ணிமையின் உள்பக்கமும் வெளுத்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் இந்தப் பக்கம் தலையைத் திருப்பி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ரத்த ஊசி ஒண்ணு இருந்தா குடுக்குறீங்களா? ஸ்டொக் வந்ததும் திருப்பித் தந்துர்றேன்."

ஷஹீலாவுக்கு டப்பா கண்முன் வந்தது. அதோடு, நோன்பு முடிந்ததும் வரவிருந்த ஷம்ராவின் கல்யாணமும், அதற்குள் தனக்கு ரத்தம் இறங்கிவிட்டால் மகளின் கல்யாணத்தன்று கட்டிலில் மூச்சுவாங்கிக் கிடப்போமே என்ற நினைப்பும் வந்தன. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது.

"எனக்கிட்டயும் முடிஞ்சி, தங்கச்சி."

"பரவால்லக்கா. சும்மா கேட்டுப் பாத்தேன்," என்றாள் தனலெட்சுமி. கேட்டது தவறோ என்பதுபோல அவள் முகம் கூசியதுதான் ஷஹீலாவுக்குப் பிற்பாடு அடிக்கடி நினைவில் வந்தது. அந்த நேரத்தில் அவர் கண்களை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். செவ்வாய்க்கிழமை ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டில் தேடியபோது கிடைத்தது என்று சொல்லலாம் என நினைத்தார். செவ்வாய் வந்தபோது, நாலில் ஒன்று போனால் மூன்றுதானே என்று தோன்றியது. கொண்டுபோகவில்லை.

அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு மோசமானது. பகலில் பாதிக்குமேல் கரண்ட் இல்லை. பிரிஜின் நடுத்தட்டு இளஞ்சூடாவதைத் தொட்டுப் பார்த்த ஷஹீலா பதறிப்போய், டப்பாவை மேலே ஐஸ் பெட்டிக்குள் மாற்றினார். அங்கே குளிர் நிற்கும் என்பது அவர் கணக்கு. கரண்ட் திரும்பியபோது அவர் நோன்பு பிடிப்பவர்களுக்காக விடியுமுன் சஹர் சமையலில் இருந்தார், டப்பா ஞாபகத்துக்கு வரவில்லை. எடுத்துப் பார்த்தபோது நாலு ஊசிக்குள்ளும் மருந்து கட்டியாகியிருந்தது. உருகியபின் பார்க்க முன்போலவே தெளிவாக இருந்தது. அடுத்த முறை துஷாந்தினியிடம், தெரிந்த ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டார். ஒருதரம் உறைந்தால் அந்தப் புரதம் குலைந்துவிடும், பார்க்கத் தெரியாது, வீசிவிட வேண்டியதுதான் என்றாள் அவள். ஷஹீலா அன்று வீட்டுக்கு வந்து டப்பாவைப் பழைய பத்திரிகையில் சுற்றி, யாரும் பார்க்காமல் குப்பையில் போட்டார்.

சித்திரையில் தனலெட்சுமி ஸ்பிரிங்வெளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தம் ஏற்றினார்கள். மே மாதம் மறுபடி ஏற்றினார்கள். அதற்குப்பின் அவள் முகத்தில் நிறம் வந்தது. யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தம், அவர் நல்லா இருக்கணும் என்றாள். ஷஹீலாவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. ஊசி இல்லாமலே பெண் பிழைத்துக்கொண்டாள், இனி அதைப் பற்றி நினைக்கத் தேவையில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஷம்ராவின் கல்யாணத்துக்குத் தனலெட்சுமி தம்பி புவனேந்திரனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஷஹீலா நாள் முழுவதும் நின்றுகொண்டே விருந்தினரைக் கவனித்தார். ரத்த அளவு இறங்கவே இல்லை. அந்த நாலு ஊசியும் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த வருடம் புவனேந்திரன் அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தான். ரத்த வகை பொருந்தியது. தனலெட்சுமி மறுபடி கொழுந்து பறிக்கப் போவதைப் பற்றிக்கூடப் பேசத் தொடங்கினாள். கடைசியாக இருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை நடந்தது. அதன் முடிவோடு அவள் வார்ட்டுக்கு வந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"தம்பியோடது வேணாம்னுட்டாங்கக்கா. என் ஒடம்பு அத ஏத்துக்காதாம். அடுத்தவங்க ரத்தம் ஏத்துனதுல, எதுத்து நிக்கிற சத்து ஊறிப்போச்சாம்."

அன்று ஊசி கொடுத்திருந்தால் ரத்தம் ஏற்றவே வேண்டி வந்திருக்காதோ என்று ஷஹீலாவுக்குத் தோன்றியது.

அவர் துஷாந்தினியைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். ரத்தம் ஏற்றியதால் இருக்கலாம், பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதனாலும் அப்படி வருவதுண்டு, இதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள ஷஹீலா முயன்று பார்த்தார். பிடி நிற்கவில்லை. ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் ஜௌபரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜௌபர் கடைசிப் பூட்டையும் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"நாலு ஊசியால என்ன ஆயிருக்கும்? இப்ப போய்ச் சொல்லி அந்தப் புள்ளட மனசையும் நோகடிக்கப் போறாய்," என்றார்.

"நோகட்டும். ஆனா அவ இன்னும் என்னை அக்கான்னு கூப்பிடுறாவே," என்றார் ஷஹீலா.

வார்ட்டில் வைத்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு ஊசியில் கை மாட்டியிருக்கும் ஒருத்தியால் கோபப்பட்டு எழுந்துபோகக்கூட முடியாது. ஆகவே டயலிசிஸ் இல்லாத ஒரு நாளில் ஆட்டோ பிடித்து ஸ்பிரிங்வெளிக்குப் போனார். ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் படி ஏற வேண்டும். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். தனலெட்சுமி ஆச்சரியத்தோடு வெளியே வந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சின்னக் கோப்பையில் பாதியளவு தேத்தண்ணி கொடுத்தாள். இருவருக்கும் அதற்குமேல் குடிக்க அனுமதி இல்லை.

ஷஹீலா சுற்றி வளைக்கவில்லை. நீ கேட்ட அன்று என்னிடம் ஊசி இருந்தது, இல்லையென்று பொய் சொன்னேன் என்றார். கல்யாணத்துக்காக வைத்துக்கொண்டதையும் சொன்னார்.

தனலெட்சுமி சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "எத்தன இருந்துச்சு?"

"நாலு."

"கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல. கரண்ட் போன நேரம் ஐஸ்ல வெச்சி, உறைஞ்சி போச்சி. வீசிட்டேன்."

அதுவரை சாந்தமாக இருந்த முகம் அப்போதுதான் மாறியது.

"போட்டுக்கிட்டிருந்தாக்கூடப் பரவால்லக்கா," என்றாள். குரல் உயரவில்லை. "ஒங்களுக்காவது ஆயிருக்கும்னு நெனைச்சிக்குவேன்."

மன்னித்துக்கொள் என்றார் ஷஹீலா. மழை வரப் போகிறது, படி வழுக்கும், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை வந்தாள். கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் தனலெட்சுமி ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே காற்று வருகிறது என்று துஷாந்தினியிடம் கேட்டு மாற்றிக்கொண்டாளாம். ஷஹீலாவின் பக்கத்தில் பேச்சுக் குறைந்த ஒரு கிழவர் வந்தார். வாசலில் எதிர்ப்பட்டால் தனலெட்சுமி தலையசைப்பாள், அதற்குமேல் இல்லை.

சில மாதங்களில் ஊசிக்கு மறுபடி தட்டுப்பாடு வந்தது. ஷஹீலா வாங்கிய ஊசிகளில் பாதியை, ஐஸ் கட்டி படாமல் துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, துஷாந்தினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். யார் தந்தது என்று சொல்ல வேண்டாம் என்றார். அப்படிக் கொடுக்க முடியாது, போட்டுக்கொள்பவருக்குத் தெரிய வேண்டும் என்று அவள் மறுத்து, தனலெட்சுமியிடம் நேரே போய்ச் சொன்னாள். வார்ட்டின் இந்தப் பக்கம்வரை பதில் கேட்டது.

"போடுங்க மிஸ். மருந்து மேல எனக்கு என்ன கோவம்."

அதன்பின்னும் இரண்டு தடவை அப்படிக் கொடுத்தார். தனலெட்சுமி போட்டுக்கொண்டாள். ஜன்னலோரத்து நாற்காலியை மாற்றவில்லை. வேறொருவரின் சிறுநீரகத்துக்காக அவள் பெயர் பதிவாகிக் காத்திருக்கிறது. ஜௌபர், இனியாவது நிம்மதியாக இரு என்கிறார். ஷஹீலா தொழுது அழுகிறார், அன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அவ்வளவுதான்.

போன மாதம் புவனேந்திரன் கடைக்கு வந்தான். லயத்துக் கூரைக்குத் தகரம் பார்க்க வந்தவன், கல்லாவில் ஷஹீலாவைக் கண்டதும் முகம் மலர்ந்து சுகம் விசாரித்தான்.

"என்னக்கா, இப்பல்லாம் நம்ம பக்கம் வர்றதே இல்ல? எங்கக்காகிட்ட கேட்டா, ஒங்களுக்குப் படி ஏறக் கஷ்டம்னு சொல்லுது."

தனலெட்சுமி யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஷஹீலாவுக்கு விளங்கியது. சிறுநீரகம் கொடுக்கத் துணிந்து நின்ற தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. தகரத்தின் அளவை அவன் இரண்டாம் முறை சொல்லும்வரை அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

"வாறன் தம்பி," என்றார்.

இன்னும் போகவில்லை.