தம்பி மேல் வந்த தடை உத்தரவு

என் தம்பி மேல் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள் என்பதே, கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் போலீஸ்காரர்கள் வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு ஆன்டி வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நீதிமன்ற உத்தரவைத் தம்பியிடம் கொடுத்து விளக்கினார்கள். விசாரணை முடியும்வரை அவன் அந்தப் பெண்ணை நெருங்கக் கூடாது, அழைக்கக் கூடாது, வேறு ஆள் மூலமும் பேசக் கூடாது. அவனுடைய கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் அவனோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவள் அவள்.

"சும்மா ஃபிரண்ட்லியா மெசேஜ் பண்ணேன் லா," என்றான். அம்மா நம்பினார். எனக்கும் நம்பத்தான் ஆசை.

வாக்குமூலம் கொடுக்க அவனைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்ட அன்று நான்தான் காரில் அழைத்துப் போனேன். அம்மாவும் வந்தார். தம்பி உள்ளே போனபின், இன்னொரு கதவு வழியாக அந்தப் பெண் வெளியே வந்தாள். அலுவலக விருந்துப் படத்தில் பார்த்த முகம். நான் தடுப்பதற்குள் அம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேஸ வாபஸ் வாங்கிக்கம்மா. அவன் இன்னும் கல்யாணம் ஆகாதவன்."

அவள் கையை உருவிக்கொண்டாள். பின்னால் நின்ற என் காரைப் பார்த்ததும் முகம் வெளுக்க என் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கார்தான் அக்கா. நான் வேலை விட்டு வரப்போ எங்க பிளாட் கீழ நிக்கும். நான் மேல போற வரைக்கும் அவரு உள்ளயே உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாரு."

சாயங்காலம் பந்து விளையாடப் போகிறேன் என்றுதான் என்னிடம் சாவியை வாங்குவான். நானும் சிரித்துக்கொண்டே கொடுப்பேன்.

விசாரணை அதிகாரி, ஒரு தமிழ்ப் பெண், வேகமாக வந்தார். "ஆன்டி, மகனுக்காக நீங்க போய்ப் பேசினாலும் ஆர்டர மீறின மாதிரி ஆயிடும். தள்ளி நில்லுங்க."

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. நானும் அவனுடைய ஆள்தானே என்று அடக்கிக்கொண்டேன். அவள் போனபின் அதிகாரியிடம், "காரைப் பத்தி நான் சொல்லணும் மேடம்," என்றேன்.

என் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார்கள். திரும்பும் வழியில் தம்பி, "நீயே என்னை மாட்டி விட்டுட்டே," என்றான். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு, அவளைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாக அவன் மேல் குற்றம் சாட்டப்பட்டது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்; அபராதத்தோடு விட்டார்கள். இப்போது வேறு வேலை, வேறு வீடு. கோயிலில் யாராவது விசாரித்தால், "சுங்கை பூலோ பக்கம் நல்ல வேலை கெடச்சிருக்கு," என்கிறார் அம்மா. பக்கத்தில் நிற்கும் நான் தலையாட்டுகிறேன்.