சிப்பிக்கு ஒரு இடம்

ஆள் பொறுக்குவதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அக்கா வீட்டுக்கார மாமா சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் திறந்தபோது, நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று என்னை முன்மேஜையில் உட்கார வைத்தார். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எட்டு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு செருப்புக் குவியல். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே பிடித்துக்கொண்டேன். எந்த நேரம் யாருக்கு என்று கட்டம் போட்டுக் குறிக்கும் பதிவு நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஆட்கள் போகிற போக்கில் சொல்லும் வாய்ப்பேச்சுகளை எழுதி வைப்பேன். அது எனக்கு ஒரு பைத்தியம்.

பூதச் சண்டை விளையாட்டையும் அப்படி நின்றுதான் கற்றேன். இணையத்தில் நூற்றுக்கணக்கான விநோத மிருகங்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து ஆளுக்கு ஆறு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு வித்தை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி மோதும். நெருப்பு இலையைக் கருக்கும், இலை தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் நெருப்பை அணைக்கும். ஆறும் விழுந்தால் தோல்வி. சண்டை என்னவோ அரை மணிதான். அந்த ஆறைப் பொறுக்கும் பேச்சு வாரம் முழுக்க ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கடை நாலு பேருடையது என்று ஒரு வழக்கம். நாலு பேரும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள், ஒரே அறையில் தங்கியவர்கள். அவர்களில் வெல்டருக்குத்தான் வாய் அதிகம். "ஆறு நாளு சைரனுக்கு, ஒரு நாளு எனக்குக்கா" என்பான். என் நோட்டில் அதுவும் இருக்கிறது.

அந்த ஒரு நாளுக்குத்தான் வினை வந்தது. படூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கும் செங்கல்பட்டுப் பையன்கள் சிலர், எங்கள் கடையில் நெட் லைன் வேகம் என்று ரயிலேறி வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் அதே ஞாயிறு, அதே இரண்டு மணி. இரண்டு வாரம் வாசலில் முறைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் மாமா வந்து சொன்னார்: "ரெண்டு பேருமே நம்ம கஸ்டமருங்க. நான் யாரப் போவ சொல்றது? அடுத்த ஞாயிறு ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க. கெலிக்கிறவனுக்கு ஞாயித்துக்கெழம."

நாலு பேரும் அன்றே அணி சேர்த்தார்கள். எப்படி? அறையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரி. ஆளுக்கு ஒன்று, யார் மனசும் நோகக் கூடாது. மீதி இரண்டு இடத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். நாலு பேருக்கும் ஒரே ருசி என்பதால் ஆறும் நெருப்புக் கக்குகிறவை. அதில் வெல்டரின் டிராகன்தான் தலை. யாரோ ஊர் பேர் தெரியாதவனோடு வெள்ளோட்டம் விட்டார்கள். அவன் நீர்யானை மாதிரி ஒன்றை இறக்கினான். அது ஒன்றே ஆறையும் அணைத்துவிட்டுப் போனது.

நான் எழுந்து போய், "நகருங்கப்பா. அந்த ஆறையும் நான் எழுதறேன்" என்றேன்.

"இன்னாக்கா, உனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றான் வெல்டர்.

"ஒரு வருஷமா உன் முதுகப் பாத்துகினு சும்மாவா நின்னேன்? உங்க லைன்ல நாலு பேரும் வெல்டரா இருந்தா வண்டி வெளிய வருமா?"

"வராது. ஆனா பொறி பறக்கும்."

கடையே சிரித்தது. நான் எழுத ஆரம்பித்தேன். கல் உடம்புக்காரன் ஒன்று, விஷக்கொடி ஒன்று, வேகமாக ஓடும் மின்னல் குதிரை ஒன்று. பாவம் பார்த்து நெருப்பில் ஒன்று. ஐந்தாவதாக ஒரு பறவை. ஆறாவதாக, அவர்கள் எழுதியிருந்த டிராகனைக் கோடு போட்டு அடித்துவிட்டு ஒரு சிப்பியை எழுதினேன்.

வெல்டர் முகம் சுண்டிவிட்டது. "இது இன்னாக்கா, மாமல்லபுரத்துல கண்ணாடிப் பொட்டியில வெச்சி விக்கிற மாதிரி கீது! எங்கள சண்டைக்கு அனுப்பறியா, டூருக்கு அனுப்பறியா?"

"டிராகன் ஒக்காரட்டும்."

"அப்போ மவுசு என் கையிலதான். அதுக்கு ஒத்துக்கினா சிப்பிய வெச்சிக்கோ."

ஒத்துக்கொண்டேன். அவனுக்கு ஆத்திரக் கை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சிப்பிக்கு வித்தைகளை அப்படிக் கொடுத்தேன்: அடி படாமல் தன் ஓட்டுக்குள் மூடிக்கொள்வது, தூங்கிக் காயம் ஆற்றுவது, கொஞ்சம் கொஞ்சமாக உயிரை அரிக்கும் விஷம் தெளிப்பது, லேசாகத் தண்ணீர் பீச்சுவது. பாய்ந்து அடிக்க ஒன்றுகூட இல்லை. அவசரப்பட நினைத்தாலும் அவனால் முடியாது. எதிர்க்கட்சித் தலைவனையும் நான் மூன்று வாரமாகப் பார்த்திருந்தேன். கண்ணாடி போட்ட பையன், நல்ல மூளை. ஆனால் திரையில் ஒரு பக்கம் திறக்க இரண்டு விநாடி கூடினால் மவுசை மேஜையில் தட்டுவான்.

ஞாயிறு வந்தது. மூன்றாம் நம்பரில் அவன், ஏழாம் நம்பரில் எங்கள் வெல்டர். மாமா நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

ஆரம்பமே அடி. கல் உடம்புக்காரன் விழுந்தான், பறவை விழுந்தது, நெருப்பும் அணைந்தது. எங்கள் பையன் ஒருவன் "ஞாயித்துக்கெழம போச்சுடா மச்சான்" என்று முனகினான். நான் அவன் தோளில் ஒன்று வைத்தேன். பிறகு குதிரை இரண்டைச் சாய்த்துவிட்டு விழுந்தது, விஷக்கொடி மூன்றைத் தன்னோடு கொண்டுபோனது. கடைசியில் இந்தப் பக்கம் சிப்பி, அந்தப் பக்கம் கொம்பு வைத்த ராட்சசன் ஒன்று.

சிப்பி முதல் வேலையாக விஷத்தைத் தெளித்தது. ராட்சசன் ஒரே அடியில் அதன் உயிரில் பாதியை எடுத்தான்.

"அக்கா, திருப்பி அடிக்க எதுனா குடுத்திருக்கக் கூடாதா?" வெல்டர் கெஞ்சினான்.

"குடுத்திருந்தா அடிச்சிருப்ப. ஓட்ட மூடு."

மூடினான். தூங்க வைத்தான். மறுபடி மூடினான். மூன்றாம் நம்பரிலிருந்து மவுசு தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அது கெட்டி மேளம் மாதிரி இருந்தது. பொறுமை போன பையன், தன்னையும் காயப்படுத்திக்கொள்ளும் பெரிய மோதலை எடுத்தான். ஓடு மூடியிருந்த நேரத்தில் முட்டித் தன் உயிரைத்தான் குறைத்துக்கொண்டான். மீதியை விஷம் பார்த்துக்கொண்டது. ராட்சசன் சாய்ந்தபோது சிப்பி தூங்கிக்கொண்டிருந்தது.

நாலு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து, ஞாயிறு இரண்டு முதல் ஐந்து என்ற கட்டத்தில் அவர்கள் பெயர்களைப் பேனாவால் எழுதினேன். அதுவரை பென்சிலில்தான் இருந்தது.

கண்ணாடிப் பையன் மேஜைக்கு வந்தான். "அக்கா, அந்த டீமை யாரு போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெல்டர் முந்திக்கொண்டான். "எங்க அக்கா. இன்னா இப்போ?"

"எங்களுக்கும் ஒரு ஆறு எழுதித் தருவீங்களா? சனிக்கிழமை வர்றோம்."

"தருவாங்க, தருவாங்க. லைன்ல வா. என் டிராகனுக்கே இன்னும் எடம் கெடைக்கல" என்றான் வெல்டர்.

சனிக்கிழமைக் கட்டத்தில் அந்தப் பையன்களின் பெயரையும் பேனாவாலேயே எழுதினேன்.